அரைக்குரல்

ஈஸ்ட் ஹாம்
03.02.2026, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மணி ஒண்டே முக்கால். நீங்கள் காலமைதான் பாப்பியள், ஆனால் மேலே நேரம் விழும், இவளுக்கு நித்திரை இல்லையோ எண்டு நினைப்பியள். இல்லைத்தான். பகலில் எழுத இரண்டு கையும் சேர்ந்தாப்போலை கிடைக்கிறதில்லை.

வட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணி இருபத்தொரு மாதம். அதுதான் ஈமெயில். இதையும் புளொக் பண்ணியிருந்தால் இது எங்கேயோ போய் விழும், விழட்டும், எழுதினன் எண்டாவது இருக்கும்.

லக்‌ஷிகாவுக்கு எட்டு மாதம். அம்மா கனடாவில் இருந்து உங்களுக்குப் படம் அனுப்பியிருப்பா. போத்திலைத் தொடமாட்டாள், என்னட்டை மட்டும்தான் குடிக்கிறாள். ஹெல்த் விசிற்றர் வந்து நிறுத்துப் பார்த்து, நிறை கோட்டுக்குக் கொஞ்சம் கீழே போகுது, பயப்பட ஒண்டும் இல்லை எண்டு சொன்னவ. அவ அப்பிடிச் சொன்ன நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருக்கிறன். பிள்ளை நித்திரை கொண்டால் மூச்சு வருதோ எண்டு மூக்குக்குக் கிட்டக் கையை வைச்சுப் பாக்கிறன். அவள் முழிச்சால் ஏன் முழிச்சவள் எண்டு யோசிக்கிறன்.

கேக்க வந்ததைக் கேக்கிறன். வாற கிழமை வியாழன், பன்ரண்டாம் திகதி, பதினொண்டு நாற்பதுக்கு எனக்கு ஒரு ஓடிஷன். பிள்ளை பிறந்த பிறகு முதல் ஓடிஷன். சின்னக் கம்பனிதான், கோடையில் ஒரு வான் வண்டியில் ஊர் ஊராய்ப் போய் ஒப்பெரா போடுறவை. ஆறு கிழமை ரிகர்சல், பதினாலு காட்சி. இந்தமுறை தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு வரி பாடிப்போட்டுப் போற வேலைக்காரி இல்லை, ஒழுங்கான பாத்திரம். போன வருசம் வந்த இரண்டு ஓடிஷனையும் ஏலாதெண்டு விட்டனான். இதையும் விட்டால் என்ர ஏஜென்ற் என்னை லிஸ்ற்றில் இருந்து எடுத்துப்போடுவா. அவ அப்பிடிச் சொல்லேல்லை, ஆனால் போன மெயிலின்ர முடிவில் "உன்ர திட்டம் என்ன?" எண்டு மட்டும் கேட்டிருக்கிறா.

நிஷாந்தனுக்கு குரோய்டனில் ஒரு புதுக் கட்டடத்துக்கு வயரிங் வேலை. முடியும்வரைக்கும் லீவு இல்லை. ஓடிஷன் நடக்கிற இடம் உங்கட வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிசம். இரண்டு மணித்தியாலம் பிள்ளையை வைச்சிருப்பியளோ? நான் கதைக்கக்கூடாது எண்டால் கதைக்கமாட்டன். வாசலில் தந்து வாசலில் வாங்கிக்கொண்டு போறன்.

கஜி

*

மோர்டன்
06.02.2026

கஜி,

மெயிலை புளொக் பண்ண எனக்குத் தெரியாது. அம்மாவுக்குக் காட்டடி எண்டு தாரகாட்டைக் கேட்டால் காட்டியிருப்பாள். கேக்கேல்லை.

வியாழன் எனக்கு வேலை. பாமசியிலை ஒரு பிள்ளை லீவிலை நிக்குது. அது உண்மை. அது இல்லாட்டிலும் ஓம் எண்டு சொல்லியிருப்பனோ தெரியாது, அதுவும் உண்மை.

வாசலிலை தந்து வாசலிலை வாங்க நானென்ன பார்சல் ஒபிசோ? நீ வயித்திலை பிள்ளையோடை நிண்டதை அம்மா சொல்லி அறிஞ்சனான். வயித்தை வெட்டித்தான் எடுத்தவை எண்டதையும் அம்மா சொல்லித்தான். அண்டைக்கு ஆசுப்பத்திரிக் கார் பார்க் வரைக்கும் அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் இறங்காமல் திரும்பிப் போனது உனக்குத் தெரியாது. தெரியவேண்டாம் எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை.

தாரகா பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்திய வீட்டிலை உன்ர பாட்டுக்கு வசந்தமலர் அன்ரி சிரிச்சதுக்குத்தான் எனக்குக் கோவம் எண்டு அம்மாட்டைச் சொல்லியிருக்கிறாய். அவ என்னத்துக்குத்தான் சிரிக்கேல்லை. "இதுக்கோ இவள் இவ்வளவு காலம் படிச்சவள், எங்கட ஜெஸ்ரின் கரோக்கியிலை இதைவிட வடிவாப் பாடுவாள்" எண்டு ரோல்ஸைக் கடிச்சுக்கொண்டு சொன்னா. சொல்லிப்போட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தா. அவ்வளவுதான்.

என்ர கோவம் வேற. உனக்குப் பன்ரண்டு வயசிலையிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை பாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமை வேலைக்குப் போயிடுவினம். கதவுக்கு வெளியாலை கதிரையிலை ஆறு வருசம் இருந்தனான். எனக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது, இத்தாலியன் ஒரு சொல்லும் விளங்காது. ஆனா நீ எப்ப முழுசாப் பாடுறாய், எப்ப அரைக்குரலிலை பாடிக் குரலை மிச்சம் பிடிக்கிறாய் எண்டு கதவு மூடிக் கிடந்தாலும் சொல்லுவன்.

தாரகாட சாமத்திய வீட்டிலை முந்நூறு சனம். அத்தான் தானே மைக்கை வாங்கி, "என்ர மச்சாள் லண்டன் கொலிஜ்ஜிலை ஒப்பெரா படிச்சவ" எண்டு சொல்லி உன்னைக் கூப்பிட்டவர். மேடையிலை இருந்து தாரகா உன்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவள். பாட்டிலை மேலை போற இடம் வந்துது. நீ ஒரு விரலைத் தூக்கிக் காட்டிப்போட்டு, அதைக் கீழை பாடிப்போட்டுப் போனாய். சனம் அதை ஏதோ அபிநயம் எண்டு நினைச்சிருக்கும். எனக்கு அந்த விரல் தெரியும். ரிகர்சலிலை நீங்கள் பியானோக்காரருக்குக் காட்டுற விரல். "இப்ப சேமிக்கிறன், உண்மையான நாளிலை மேலை பாடுவன்" எண்ட விரல்.

அப்ப என்ர பிள்ளையின்ர நாள் உண்மையான நாள் இல்லை.

அண்டைக்குத் திரும்பிப் போகேக்கை காருக்குள்ளை வைச்சு இதைக் கேட்டதுக்கு, "நீங்கள் என்ன ரிக்கெற் எடுத்தோ வந்தனீங்கள்" எண்டு கேட்டனி. மறந்திருப்பாய்.

பிள்ளை போத்தில் குடிக்காட்டி சின்னக் கோப்பையாலை பருக்கிப் பார். தாரகாவும் இப்பிடித்தான் நிண்டவள்.

குமுதினி

*

ஈஸ்ட் ஹாம்
13.02.2026

அக்கா,

மறக்கேல்லை. ஒரு நாளும் மறக்கேல்லை.

கார் பார்க் விசயத்தை வாசிச்சன். அதுக்கு இப்ப பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை. நேற்று நடந்ததை மட்டும் சொல்லுறன், வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

பிள்ளையையும் கொண்டுதான் போனன். ஒரு ஸ்ரேசனில் லிப்ற் வேலை செய்யேல்லை, ஆரோ ஒரு ஐயா தள்ளுவண்டியின்ர முன்பக்கத்தைத் தூக்கித் தந்தவர். ஓடிஷன் இடத்துக் கொரிடோரில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் என்னைவிட இளசுகள், சுவரைப் பாத்துக்கொண்டு தொண்டையைத் திறக்கினம். நான் டயப்பர் மாத்திக்கொண்டிருந்தன். பேர் பதியிற பிள்ளை தானாகவே, "நான் வைச்சிருக்கிறன், போங்கோ" எண்டு கையை நீட்டினாள். அப்பத்தான் சந்திச்ச ஆளிட்டைப் பிள்ளையைக் குடுத்துப்போட்டு உள்ளே போனன். பாருங்கோ, வீட்டில் மூச்சு எண்ணுறவள்.

ஐந்து நிமிசம் தருவினம். பியானோ வாசிக்க ஆள் இருக்கு, மேசைக்குப் பின்னால் மூண்டு பேர். பத்து வருசமாய்ப் பாடுற பாட்டுத்தான் கொண்டு போனன். இரண்டாவது வரியில் கதவுக்கு வெளியால் லக்‌ஷி அழத் தொடங்கினாள். அவள் அழ எனக்குப் பால் இறங்கிச்சுது. பிளவுஸ் நனையுது, எனக்கே தெரியுது, கையை நெஞ்சுக்குக் கிட்ட வைச்சுக்கொண்டு பாடினன். நடிப்பு எண்டு நினைச்சிருப்பினம்.

முடிய, மூண்டு பேரில் கொண்டக்டர், இசையை நடத்துறவர், நல்ல தன்மையாய்க் கேட்டார். "இண்டைக்கு மார்க் பண்ணுறீங்களோ? பரவாயில்லை, ஆனால் அந்த மேல் இடத்தை மட்டும் ஒருக்கா முழுசாய்க் கேக்கலாமோ?"

மார்க் பண்ணுறது எண்டால் நீங்கள் எழுதினதுதான், அரைக்குரல்.

நான் மார்க் பண்ணேல்லை அக்கா. அதுதான் என்ர முழுக்குரல். இப்ப அவ்வளவுதான் வருது.

"ஓம், கொஞ்சம் தடிமன், தொண்டை அடைச்சிருக்கு" எண்டு பொய் சொன்னன்.

வெட்டின இடத்துக்கு மேலே இன்னும் விறைச்சுப்போய்த்தான் கிடக்கு. மூச்சைத் தாங்கிப் பிடிக்கிறது அந்த இடம்தான். முந்தி மேலே போகேக்கை யோசிக்கத் தேவையில்லை, படியில் கால் தானாய் வைக்கிற மாதிரி. இப்ப படி இருக்கெண்டு காலை வைக்கிறன், அங்கே ஒண்டும் இல்லை.

மூண்டு பேரும் ஏதோ குசுகுசுத்துப்போட்டு, மார்ச் நாலாம் திகதி புதன் திரும்ப வரச் சொன்னவை. வேற பாட்டோடை, கீழே இருக்கிற பாட்டு. "மெஸோவுக்கு எழுதினது ஏதும் பாடிப் பாத்திருக்கிறீங்களோ?" எண்டு கேட்டவை. நான் இருபது வருசம் படிச்சது முழுக்க சொப்ரானோ, பொம்பிளைக் குரலில் ஆக மேலே இருக்கிறது. மெஸோ அதுக்குக் கீழே. மாறினால் இதுவரை பாடமாக்கின ஒரு பாத்திரமும் உதவாது. முப்பத்தொரு வயதில் திரும்ப அரிவரியில் போய் இருக்கவேணும். அவைக்கு அது ஒரு கேள்வி.

நிஷாந்தன் வந்து "எப்பிடி?" எண்டு கேட்டவர். நல்லம் எண்டன். "அப்ப கிடைச்ச மாதிரித்தான்" எண்டு சொல்லிப்போட்டுச் சோத்தைப் போட்டுச் சாப்பிட்டார்.

கோப்பையால் பருக்கிப் பாத்தன். பாதி ஊத்துப்பட்டுது. பாதி குடிச்சாள்.

கஜி

*

மோர்டன்
15.02.2026

கஜி,

இரண்டு தரம் வாசிச்சன். அத்தானுக்கு வாசிச்சுக் காட்டேல்லை.

பன்ரண்டாம் திகதி நான் கேட்டிருந்தால் லீவு தந்திருப்பினம். கேக்கேல்லை. அது என்ர கையாலை எழுதி உன்னட்டை இருக்கட்டும்.

ஒண்டு கேக்கிறன், ஒழுங்காப் பதில் சொல்லு. சாமத்திய வீட்டுக்கு அடுத்தநாள் காலமை ஓடிஷன், அதுதான் குரலைச் சேமிச்சன் எண்டு அப்ப சொன்னனி. அதுமட்டும்தானோ? ஏனெண்டால் ஓடிஷன் எண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாம். "அக்கா, இண்டைக்கு ஏலாது" எண்டால் நானே மைக்கை வாங்கி மூலையிலை வைச்சிருப்பன். நீ பாடாமல் விட்டிருந்தால் எனக்குக் கோவம் வந்திராது.

வாற ஞாயிறு ஈஸ்ட் ஹாமுக்கு வரவேண்டிக் கிடக்கு. தாரகாட காப்பு ஒண்டு நகைக்கடையிலை திருத்தக் குடுத்தது. வந்தால் ஒரு பதினைஞ்சு நிமிசம் எட்டிப் பாப்பன். பிள்ளையைப் பாக்க. பாட்டுக் கேக்க இல்லை. நீ பாடினால் பாடு, அது உன்ர வீடு.

தாரகாட்டைச் சொன்னன், சித்தி வீட்டை போறன் எண்டு. போனிலையிருந்து தலையை எடுக்காமல், "சித்தி வந்து பாடத் தேவையில்லையம்மா, சும்மா வந்தாக் காணும்" எண்டாள். அது பெருந்தன்மையோ பகிடியோ, எனக்குப் பிடிபடேல்லை.

குமுதினி

*

ஈஸ்ட் ஹாம்
23.02.2026

அக்கா,

பதினைஞ்சு நிமிசம் எண்டு வந்து மூண்டு மணித்தியாலம் நிண்டியள். லக்‌ஷி உங்கட மடியில் நித்திரை கொண்ட நேரத்தில் நான் ஒருக்காலும் மூக்குக்குக் கையை வைச்சுப் பாக்கேல்லை. நீங்கள் போன பிறகுதான் அது நினைவு வந்தது.

பாடினன். முதல் பழைய பாட்டு, அந்த ஓடிஷனில் பாடினது. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிக் குசினிக்குள்ளே போயிட்டியள். பைப் ஓடுற சத்தம் கேட்டது. நான் நிப்பாட்டேல்லை. பிறகு என்ர பாட்டு ரீச்சர் தந்த புதுப் பாட்டு, கீழே இருக்கிறது, அதையும் பாடினன். அது படிச்சு ஐஞ்சு நாள்தான், இரண்டு இடத்தில் சொல்லும் மறந்துபோச்சு. நிஷாந்தன் இரண்டுக்கும் கைதட்டினார். அவர் கோழிக்கறிக்கும் கைதட்டுறவர்.

 சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, "இந்தக் குளிருக்கை பிள்ளையை வெளியாலை கொண்டுவராதை" எண்டு மட்டும் சொன்னியள். அத்தானுக்கு ரோல்ஸ் கட்டித் தந்தன், அதை எடுத்துக்கொண்டு போயிட்டியள்.

நீங்கள் கேட்டதுக்குப் பதில். நேரில் சொல்ல முகம் வரேல்லை, எழுதிறன்.

அடுத்தநாள் ஓடிஷன் எண்டது உண்மை. அந்த வேலை கிடைக்கவும் இல்லை. ஆனால் அதுமட்டும் இல்லை. நான் மைக்கை வாங்கிக்கொண்டு ஹோலைப் பாத்தன். ஒரு பக்கம் பிள்ளைகள் பலூன் உடைக்குதுகள். ஒரு பக்கம் சாப்பாட்டுக்கு வரிசை. வீடியோக்காரன் என்னைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுறான், பின்னுக்குக் கிடக்கிற மயில் அலங்காரம் தெரியேல்லையாம். அப்ப என்ர மனதுக்குள்ளே ஒரு எண்ணம் வந்தது. இவைக்கு இது காணும், இவ்வளவு போதும்.

அவ்வளவுதான் அக்கா. யோசிச்சு முடிவெடுத்ததுகூட இல்லை. இவைக்கு இது காணும் எண்டு நினைச்சன், விரல் தானாய் மேலே போச்சு. அந்த ஹோலுக்குள்ளே வித்தியாசம் தெரிஞ்ச ஒரு ஆள் இருந்தது எண்டு நான் யோசிக்கவே இல்லை. உங்களையும் அந்தச் சனத்தோடை சேத்துத்தான் வைச்சன். தாரகாவையும்.

காருக்குள்ளே நீங்கள் அதைப் பிடிச்சுக் கேட்டியள். பிடிபட்டவள் என்ன செய்வாள், ரிக்கெற் எண்டு கடிச்சன்.

இப்ப எனக்கு உண்மை சொல்ல ஆள் இல்லை. ரீச்சர் "பொறு, திரும்ப வரும்" எண்டுறா. அவ எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறவ. ஏஜென்ற் பாட்டுக் கேக்கிறதில்லை, நாட்காட்டிதான் பாக்கிறது. நான் பாடேக்கை என்ர காதுக்குப் பழையதுதான் கேக்குது, இல்லாததையும் சேத்துக் கேக்குது. பழைய குரலுக்காகக் காத்திருக்கிறதோ, மாறுறதோ, ரெண்டில் ஒண்டு நான் முடிவெடுக்கவேணும். மாறினால் திரும்பி வாறது கஷ்டம்.

குசினிக்குள்ளே உங்களுக்கு என்ன கேட்டது? எனக்கு நோகும் எண்டு பாக்கவேண்டாம்.

கஜி

*

மோர்டன்
25.02.2026

கஜி,

குளிசை எண்ணிப் போடுறவளிட்டைக் கேக்கிற கேள்வியே இது? சரி, கேட்டிட்டாய்.

முதல் பாட்டுக்கு நான் குசினிக்குள்ளை போனது கேக்க ஏலாமல். உன்ர பழைய குரல் அதிலை இல்லை. வீட்டுத் திறப்பைத் துலைச்சவள் பைக்குள்ளை கையை விட்டுத் தேடுற மாதிரித் தேடித் தேடிப் பாடினாய். மேலை போற இடத்திலை நீ விழப்போறாய் எண்டு நினைச்சன். அதுதான் பைப்பைத் திறந்துவிட்டனான், கழுவக் கிடந்தது ஒரு தேத்தண்ணிக் கோப்பைதான். வருமோ எண்டு கேட்டால், எனக்கு வராதெண்டுதான் படுது. ரீச்சர் படிச்சவ, அவ சொல்லுறது சரியா இருக்கலாம். நீ என்னைக் கேட்டனி.

அழுவாய். அழு. பிறகு மிச்சத்தை வாசி.

இரண்டாவது தொடங்க நான் பைப்பைப் பூட்டினனான். அது ஆர் பாடுறது எண்டு ஒரு கணம் எனக்குத் தெரியேல்லை. பன்ரண்டு வயசிலையிருந்து கேட்ட குரல் அது இல்லை. வயசு கூடின, அலுத்துப்போன ஒரு பொம்பிளையின்ர குரல் மாதிரிக் கிடந்துது. வடிவோ எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அது அரைக்குரல் இல்லை. சொல்லு மறந்த இடத்திலைகூட நீ ஒண்டையும் மிச்சம் பிடிக்கேல்லை. லக்‌ஷி என்ர தோளிலை கிடந்து கதவுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு இருந்தவள், முடியுமட்டும் அசையேல்லை.

ஹோல் விசயம். நீ எழுதினது எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சபடியால்தான் இருபத்தொரு மாதம். இப்ப நீயா எழுதியிருக்கிறாய், அது வேற. கோவம் முழுக்கப் போட்டுது எண்டு சொல்லமாட்டன். கொஞ்சம் கிடக்கு. கிடக்கட்டும், அதோடையும் வந்து போகலாம்.

கார் பார்க்கிலை நான் இறங்கியிருக்கவேணும்.

ரோல்ஸுக்கு உறைப்புக் கூட. அத்தான் அஞ்சும் சாப்பிட்டவர்.

குமுதினி

*

ஈஸ்ட் ஹாம்
27.02.2026, வெள்ளி

அன்புள்ள அக்கா,

திரும்பவும் இந்த நேரம்தான். அழுதனான், நீங்கள் சொன்னபடி. பிறகு மிச்சத்தை வாசிச்சன். பிறகு ஒரு நாள் முழுக்க உங்களோடை மனதுக்குள்ளே சண்டை பிடிச்சன், அக்காவுக்கு என்ன தெரியும் எண்டு. சண்டை பிடிச்சுக்கொண்டு கோப்பை கழுவேக்கை பாத்தால், வாயில் வந்தது இரண்டாவது பாட்டு.

இண்டைக்கு ஏஜென்றுக்கு எழுதிப்போட்டன். என்ர பேருக்குப் பக்கத்தில் சொப்ரானோ எண்டு இருக்கிறதை எடுத்துப்போட்டு மெஸோ எண்டு போடச் சொல்லி. ஒரு சொல்லுத்தான். அனுப்புற பொத்தானை அமத்த ஒரு மணித்தியாலம் எடுத்தது. அவ இரண்டு நிமிசத்தில் "சரி" எண்டு பதில் போட்டா. இருபது வருசத்துக்கு இரண்டு நிமிசம்.

பழைய பாட்டுப் புத்தகங்களை ரீச்சரிட்டைக் குடுக்கப்போறன், அவவிட்டைப் படிக்கிற ஆருக்கும் உதவும். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் எழுதிக் கிடக்கு. அழிக்க இருந்தன், பிறகு விட்டிட்டன்.

மெஸோக்களுக்கு வாற பாத்திரம் தாய்மார், செவிலி, சூனியக்காரியாம். மூண்டுக்கும் பொருத்தம் எண்டு நிஷாந்தன் சொன்னார். அவருக்கும் இப்ப எல்லாம் சொல்லிப்போட்டன். ஏன் முதல் சொல்லேல்லை எண்டு கேக்கேல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மற்ற அறையில் படுத்திட்டார். நான் பாடம் பண்ணட்டும் எண்டோ, கோவமோ தெரியாது. காலமை தெரியும்.

பயமாய்த்தான் கிடக்கு. புதன்கிழமை அவை இல்லை எண்டு சொன்னால், வேற ஓடிஷனுக்கு இதே பாட்டைத்தான் கொண்டு போவன். அது முடிவு. ஆனால் நல்ல நித்திரை கொண்டு, பிள்ளை எங்கே எண்ட யோசினை இல்லாமல், ஒருக்காலாவது உள்ளே போய் நிண்டு பாடிப் பாக்க விருப்பம்.

மார்ச் நாலு, புதன், பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் லக்‌ஷியை உங்களிட்டை விடலாமோ? பால் கறந்து கொண்டு வாறன், கோப்பையால் குடிப்பாள். வேலை கிடைச்சால் ஏப்ரலில் ஆறு கிழமை ரிகர்சல், அதுக்கும் உங்களைத்தான் கேப்பன், அதை இப்ப கேக்கேல்லை. ஏலாதெண்டால் திங்களுக்கு முதல் நான் வேற ஆளைத் தேடவேணும்.

ஓமோ, இல்லையோ, கெதியாப் பதில் எழுதுங்கோ அக்கா.

கஜி